நீர் விழாத உள்ளங்கை

மங்கலம் பெருகுக. செவ்வாறு பாயும் நாட்டில் நெல் முற்றுக. மேகக்கோட்டு மலையில் தேன் தேங்குக. எழுகடலின் வாயடைத்தவரும், பகை மன்னர் முடிகளைப் படிக்கட்டாக்கி ஏறியவரும், எந்தப் பிறவியிலும் பிழையே செய்தறியாதவருமாகிய ஸ்ரீ திரிபுவன பராக்கிரம கண்டமாணிக்கப் பெருமானடிகளுக்கு யாண்டு பத்தொன்பது, ஆடித் திங்கள் தேய்பிறை ஐந்தாம் நாள், மேகக்கோட்டு மன்னர் இடபகேது மழவரையர் திருமுன்பு வைக்க, செவ்வாற்று நாட்டு ஓலைநாயகம் மாசாத்தன் தன் கையால் கீறிய ஓலை. உள்ளது உள்ளபடியே எழுதவேண்டும் என்பது பட்டத்தரசியாரின் ஆணையாதலால், மேற்சொன்ன எழுகடலில் ஒன்றையேனும் பெருமானடிகள் கண்ணால் கண்டதில்லை என்பதையும் மாசாத்தன் இங்கேயே கீறிவிடுகிறான்.

தங்கள் திருமுகமும், அதனோடு வந்த தந்தப் பல்லக்கும் சேர்ந்தன. மழவரையருக்கு நாற்பது நாளாக விக்கல் நிற்கவில்லை என்றும், இது இப்பிறவி விக்கலாகத் தோன்றவில்லை என்றும், கிழக்குச் சரிவிலுள்ள மூன்று ஊரார் முற்பிறவியில் தங்கள் தொண்டையை நெரித்திருக்கக்கூடும் என்று ஐயம் உண்டென்றும், ஆகவே எங்கள் சர்வஜன்ம தரிசி அகோரபூஷண பண்டிதரை ஒரு மாத காலத்துக்கு அனுப்பியருள வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். பண்டிதர் வர இயலாது. அவர் ஒரு மண் கலயத்தில் இருக்கிறார். அது எப்படி என்று சொல்லாமல் விட்டால் மழவரையர் மனம் வருந்தும். சொன்னால் விக்கல் நிற்கவும் கூடும்.

செவ்வாற்று நாட்டு வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிவீர்கள். இங்கே ஒருவன் கழுத்தில் வாள் விழுமுன், நிலத்தைத் தானம் கொடுப்பது போல அவன் மன்னிப்பைத் தானம் கொடுத்தாக வேண்டும். நீர் நிறைத்த வெள்ளிக் கிண்டியை அவன் கையில் கொடுப்பார்கள். பெருமானடிகள் வலக் கையை விரித்து நீட்டுவார். சாகப்போகிறவன் அந்தக் கையில் மூன்று முறை நீர் வார்த்து, மூன்று முறை "பொறுத்தேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்தக் கொலையின் வினை அடுத்த பிறவிக்குப் பெருமானடிகளைத் தொடராது. அவர் பட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார். அன்றைக்கு மதியம் வழக்கத்தைவிடப் பசி எடுக்கும் என்று மடைப்பள்ளியார் சொல்வதுண்டு.

சாகிறவன் ஏன் பொறுக்க வேண்டும் என்பதை விளக்குவதே பண்டிதரின் பணி. அவர் கண்ணை மூடி, மூக்கின் வழியே நீளமாக ஓர் ஓசை எழுப்பி, எதிரே நிற்பவனின் முற்பிறவியைப் பார்ப்பார். ஒருவன் பாம்பாயிருந்து பெருமானடிகளைத் தீண்டியிருப்பான். இன்னொருவன் கசாப்புக்காரனாயிருந்து, ஆட்டுக்குட்டியாயிருந்த பெருமானடிகளை அறுத்திருப்பான். பத்தொன்பது ஆண்டுகளில் முற்பிறவியில் பெருமானடிகளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தவன் என்று ஒருவன்கூட அகப்படவில்லை. இதை ஒருவரும் கேட்கவில்லை. மாசாத்தனும் கேட்கவில்லை, அவனுக்குத் தலை இருந்தது.

சாகிறவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை வாங்கித் தருவது வெட்டுவோன் பொறுப்பு. சூடு, கயிறு, பட்டினி, எது வேண்டுமானாலும் அவன் விருப்பம். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதுக்குள் சொல் வரவில்லையென்றால், வாங்கத் தவறியவன் கழுத்தே வாளுக்குப் போகும்.

இப்போதுள்ள வெட்டுவோன் பெயர் காடன். அவன் தகப்பனும் அதே தொழில். ஒரு படைவீரன் தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பிவிட்டதால் சொல் வராமல் போய், தகப்பன் கழுத்துக்கு முறை வந்தது. வாள் மகன் கைக்கு வந்தது. காடனுக்கு அப்போது இருபது வயது. தகப்பன் நடுங்காமல் நீர் வார்த்தான். மூன்று முறையும் கணீரென்று பெருமானடிகளைப் பொறுத்தான். பிறகு மகன் பக்கம் திரும்புவான், தனக்கும் ஒரு சொல் கிடைக்கும் என்று காடன் காத்திருந்தான். தகப்பன் திரும்பவில்லை, குனிந்துவிட்டான். அன்று முதல் காடன் பிறருக்காக அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கித் தந்துகொண்டே இருந்தான். உணவுப் பந்தியில் பரிமாறுகிறவன் கடைசி வரை பசியோடு நிற்பானே, அப்படி.

சென்ற மாசியில் பெருமானடிகளுக்கு வலது முழங்காலில் வலி கண்டது. வைத்தியர் எருக்கிலை ஒற்றடம் என்றார். பண்டிதர் சிரித்தார். முற்பிறவியில் பெருமானடிகள் வெள்ளைக் காளையாயிருந்தார் என்றும், ஆற்றங்கரை ஊராகிய நாணல்துறையார் அனைவரும் ஒன்றுகூடி உலக்கையால் அந்தக் காளையின் முழங்காலை உடைத்தார்கள் என்றும் மூக்கால் ஊதிச் சொன்னார். நாணல்துறையைக் கொளுத்தும்படி ஓலை போயிற்று.

படை வைகறையில் போய்ச் சேர்ந்தது. ஓடியவர்கள் முதுகில் வேல் வாங்கினார்கள். கூரைகளுக்குள் இருந்தவர்களைக் கூரையோடு எரிய விட்டார்கள். ஓடாமலும் உள்ளே போகாமலும் கை கட்டி நின்ற ஆடவர்களை, சாத்திரப்படி நடக்கவேண்டும் என்பதற்காக, ஆற்றங்கரையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். பெருமானடிகள் பல்லக்கிலிருந்தபடியே கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். கிண்டி காலியாகக் காலியாக ஆற்றிலேயே முகந்தார்கள். நடுப்பகலில் ஆற்று நீர் சிவந்துவிட்டதால், சற்று மேலே போய் நல்ல நீர் முகந்து வரும்படி பண்டிதர் சொன்னார். ஆசாரத்தில் அவர் அவ்வளவு கண்டிப்பு. மாலையில் காடனால் விரல்களைப் பிடியிலிருந்து எடுக்க முடியவில்லை. ரத்தம் உலர்ந்து கையையும் வாளையும் ஒட்டிவிட்டிருந்தது. வெந்நீர் ஊற்றிப் பிரித்தார்கள்.

முழங்கால் வலி குறையவில்லை.

அந்த ஊர் ஓடக்காரி ஒருத்தி அக்கரையிலிருந்து ஓடத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெயர் பூதி. கைம்பெண், ஒரே மகன், பெயர் கூத்தன். மகனை அவள் இரண்டு துண்டாகத்தான் கண்டாள்; தோளில் இன்னொரு வெட்டும் இருந்தது. அவள் ஓடத்துக்குத் திரும்பி, துடுப்பை எடுத்துக்கொண்டு வந்து, குதிரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த படைத்தலைவன் மண்டையில் ஒரே அடி அடித்தாள். படைத்தலைவனுக்கு யானைகளை அடக்கியவன் என்று ஒரு பட்டம் உண்டு. அவன் மறுபடி எழவில்லை. பூதியைக் கட்டித் தலைநகருக்குக் கொண்டுவந்தார்கள்.

முதல் நாள், முற்றத்தில் பண்டிதர் அவளுடைய முற்பிறவியைப் பார்த்தார். இனி அங்கே பேசப்பட்டவற்றை மெருகு போடாமல் எழுதும்படி பட்டத்தரசியார் சொன்னதால், மழவரையர் பொறுத்தருள்க.

"முற்பிறவியில் நீ ஓர் அரசி. பெருமானடிகள் உன் அரண்மனைக் கிளி. நீ அவர் சிறகை வெட்டினாய்" என்றார் பண்டிதர்.

"காளைன்னு சொன்னாங்களே?" என்றாள் பூதி.

"காளை அதற்கும் முந்திய பிறவி."

"கிளி என்னைப் பொறுத்துக்கிட்டேன்னு சொல்லுச்சா, சாமி?"

பண்டிதர் மூக்கால் ஊதினார்.

"போன பிறவியில நான் ராணியோ கூனியோ, எனக்குத் தெரியாது. இந்தப் பிறவியில நான் கூத்தனுக்கு அம்மா. அதைத் தாண்டி எனக்கு வழி தெரியல" என்று சொல்லிவிட்டு, அவள் பெருமானடிகளையும் பார்க்காமல், பண்டிதரையும் பார்க்காமல், தூணோரம் வாளோடு நின்ற காடனைக் கேட்டாள். "என் புள்ளைக்கு ஏன் ரெண்டு வெட்டு?"

காடன் வாளின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் காடன் தன் தொழிலைச் செய்தான். உள்ளங்காலில் பழுக்கக் காய்ச்சிய கம்பி வைத்தான். இடக் கை விரல்களில் மூன்றை முறித்தான். வெயிலில் உப்புத் தடவிக் கட்டினான். அவன் தொழிலில் திறமையானவன். இதுவரை அவன் கையில் இரண்டாம் நாளைத் தாண்டி எவரும் போனதில்லை. அவள் அலறினாள், வாந்தி எடுத்தாள், மயங்கினாள். தெளிந்த ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்டாள். "மத்தவங்களுக்கெல்லாம் ஒரு வெட்டு. என் புள்ளைக்கு மட்டும் ஏன் ரெண்டு?" மாலையில் காடன் கம்பியைத் தண்ணீரில் போட்டுவிட்டு புகை அடங்கிய பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். மறுநாள் உச்சிப்பொழுதில் யார் கழுத்து என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்கு மகன் இல்லை. ஆகையால் வாளை யார் பிடிப்பார் என்று அரண்மனையில் அப்போதே பேச்சு நடந்தது.

மூன்றாம் நாள் சபை கூடிற்று. கொடிகள், சங்கு, முரசு, பெருமானடிகளின் பதினெட்டுப் பட்டங்களையும் மூச்சு விடாமல் சொல்லும் கட்டியக்காரன், எல்லாம் முறைப்படி. கிண்டியில் நீர் நிறைந்தது. பூதியால் நிற்க முடியாததால் உட்கார வைத்தார்கள். பெருமானடிகள் கையை நீட்டினார்.

அப்போது காடன் வாளைக் கீழே வைத்தான். வைத்துவிட்டு அவள் எதிரே மண்டியிட்டான்.

"ஆத்தா, நான் ராசாவுக்காகக் கேக்கல" என்றான். "உன் புள்ளை வரிசையில கடைசி ஆளு. குனியும்போது என்னைப் பார்த்து, 'அண்ணே, வலிக்குமா'ன்னு கேட்டான். வலிக்காதுடான்னு சொன்னேன். என்னை யாரும் அண்ணன்னு கூப்பிட்டதில்ல. கை நடுங்கிருச்சு. முதல் வெட்டு தோள்ல விழுந்துருச்சு. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ரெண்டாவது வெட்டு அதுக்கப்புறம்தான். வலிக்காதுன்னு சொன்னது பொய். அவனுக்கு ரொம்ப வலிச்சுது. உனக்கும் நேத்து செஞ்சேன். போன பிறவி ஒண்ணும் இல்ல, ஆத்தா. செஞ்சது நான்தான். நீ பொறுக்க வேணாம். கேட்டியேன்னு சொன்னேன்."

கட்டியக்காரனுக்குக்கூடச் சொல்ல ஒரு பட்டம் வாயில் வரவில்லை.

பூதி அவனைப் பார்த்தாள். மாசாத்தன் அவளுக்கு நாலு முழத் தூரத்தில் எழுத்தாணியோடு நின்றிருந்தான். அவள் முகத்தில் கருணை வந்ததாக எழுதினால் இந்த ஓலை அழகாயிருக்கும். வரவில்லை. அவள் முகத்தில் அருவருப்பு இருந்தது, வெறுப்பு இருந்தது. அவன் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்ப்பது போல உதடு அசைந்தது. பிறகு முறியாத கையால் கிண்டியை எடுத்தாள்.

"கையை நீட்டு" என்றாள்.

பெருமானடிகள் நீட்டியிருந்த கையை இன்னும் சற்று முன்னே நீட்டினார்.

"நீ இல்ல" என்றாள் பூதி. காடனின் கையில் நீரை வார்த்தாள். "பொறுத்தேன்." மறுபடி வார்த்தாள். "பொறுத்தேன்." மூன்றாவது முறையும் கிண்டியைச் சாய்த்தாள். "இது உனக்காக இல்லடா. இன்னும் ஒரு நாள் உன்னைச் சுமந்தா எனக்குத் துடுப்புப் பிடிக்கக் கை இருக்காது. பொறுத்தேன்." மீதி நீரைத் தரையில் கவிழ்த்தாள். காடன் நனைந்த கையை மூடவும் தெரியாமல், துடைக்கவும் தெரியாமல், பிறர் கையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்து, மாட்டைப் போலக் கத்தி அழுதான்.

"அது என் நீர்!" என்று கூவினார் திரிபுவன பராக்கிரமர்.

வெட்டுவோனின் கை என்பது மன்னர் கையின் நீட்சியே ஆதலால் மன்னிப்பு மன்னரைச் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்று பண்டிதர் உடனே ஒரு வழி சொன்னார். பெருமானடிகள் தம் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். அது காய்ந்திருந்தது. அவளை வெட்டு என்று காடனுக்கு ஆணையிட்டார். மன்னர் கையில் நீர் விழாமல் வாள் எழக் கூடாது என்பது வழக்கம் என்று காடன் தலை நிமிராமலே சொன்னான். அவன் சொன்னது சரி. அந்த வழக்கத்தை ஓலையில் எழுதியவன் மாசாத்தன்.

அதன் பிறகு நடந்தது மிகவும் சுருக்கம். பெருமானடிகள் அரியணையிலிருந்து பாய்ந்து இறங்கி, தரையில் கிடந்த வாளைத் தாமே எடுத்தார். பகை மன்னர் முடிகளைப் படிக்கட்டாக்கி ஏறியவர், வாளை அதற்கு முன் சித்திரத்தில்தான் பிடித்திருந்தார். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, வீர முழக்கம் ஒன்று முழங்கி, ஓரடி எடுத்து வைத்தார். அந்த அடி வலது காலில் விழுந்தது. நாணல்துறை முழுதும் எரிந்தும் ஆறாத அந்த முழங்கால், எருக்கிலை ஒற்றடத்துக்கே ஆறியிருக்கக்கூடிய அந்த முழங்கால், மடங்கிற்று. வாள் பூதியின் தலைக்கு ஒரு முழம் இப்பால் இறங்கி, அவளருகே மந்திரம் ஓதக் குனிந்திருந்த சர்வஜன்ம தரிசியின் விலாவில் பாதி வரை போய் நின்றது.

பண்டிதர் மூக்கால் ஓசை எழுப்பவில்லை. வாயால் எழுப்பினார். அது முற்றம் முழுதும் கேட்டது. குடல் பட்டு வேட்டியின் மேல் வழிந்தது. அவர் அதை இரு கையாலும் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார்.

பெருமானடிகளுக்கு முதலில் நினைவு வந்தது கிண்டிதான். நிரப்பிக் கொண்டு வந்தார்கள். அவர் தவழ்ந்து போய்ப் பண்டிதர் முன் கையை நீட்டினார். சபையிலுள்ள பெரியோர் பண்டிதரைச் சூழ்ந்துகொண்டு, பத்தொன்பது ஆண்டுகளாக அவரிடமே கேட்டுப் பழகிய சொற்களை அவருக்கே சொன்னார்கள்: எல்லாம் முன்வினை; வெட்டியவர் வெறும் கருவி; முற்பிறவியில் தாங்களும் பெருமானடிகள் விலாவில் ஏதேனும் செருகியிருப்பீர்கள்; ஒரு சொல் சொல்லிவிட்டால் இருவருக்கும் நல்லது. மாசாத்தனும் சொன்னான். அவன் குரல் மற்றவர் குரலைவிட இனிமையாகவே இருந்திருக்கும்.

"யோவ், வலிக்குதுய்யா!" என்றார் பண்டிதர். "முன்வினையாவது மண்ணாங்கட்டியாவது! வைத்தியனைக் கூப்பிடுங்கடா!"

"மூன்றே மூன்று முறை, சுவாமி" என்று பெருமானடிகள் கெஞ்சினார்.

"மாட்டேன். ஏழு பிறவிக்கும் உன்னை விடமாட்டேன்டா, நொண்டிப் பயலே." பண்டிதர் கிண்டியை வாங்கினார், வாங்கி, மிச்சமிருந்த பலம் முழுவதையும் சேர்த்து, பெருமானடிகளின் வலது முழங்காலில் ஓங்கி அடித்தார். அது அவர் செய்த கடைசிக் காரியம். அவர் வாழ்நாளில் பார்த்த முற்பிறவிகளைவிட அந்த அடி குறி தவறாதது என்று பின்னர் வைத்தியர் சொன்னார்.

சொல்லை வாங்கத் தவறியவன் கழுத்து வாளுக்குப் போகவேண்டும். அன்றைக்கு வாங்கத் தவறியவர் யார் என்பதை எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் தரையில் கிடந்த பெருமானடிகளைப் பார்த்தார்கள். காடன் எழுந்து, பண்டிதர் விலாவிலிருந்து வாளை உருவித் துடைத்து, பட்டத்தரசியார் இருந்த பக்கம் திரும்பி நின்றான். பட்டத்தரசியார் அதுவரை சபையில் வாய் திறந்ததில்லை. "போதும். வாளைக் கொண்டுபோய் ஆற்றில் போடு" என்றார். அதுதான் இப்போது இந்நாட்டின் சட்டம்.

பெருமானடிகள் நலமாயிருக்கிறார். உண்கிறார், ஊட்டினால். வலக் கையை விரித்து நீட்டியபடியே இருக்கிறார். எதிரே வருகிறவர் யாராயினும், நீர் கொண்டு வந்தாயா என்று கேட்கிறார். கொண்டு வந்து ஊற்றியும் பார்த்தோம். இந்த நீர் இல்லை என்கிறார்.

பூதி நாணல்துறைக்கே திரும்பினாள். கால் புண் ஆறவில்லை. உட்கார்ந்துகொண்டு ஓடம் தள்ளுகிறாள். காடன் அங்கே கரிந்த கூரைகளைப் பிரித்துக் கழி நடுகிறான். அவனை அவள் தன் ஓடத்தில் ஏற்றுவதில்லை. பொறுத்துவிட்டாயே என்று யாரோ கேட்டதற்கு, "பொறுத்தேன். பக்கத்துல உக்காத்தி வெச்சுக்கறேன்னா சொன்னேன்?" என்றாளாம். அக்கரைக்கு மரம் வெட்டப் போகவேண்டுமென்றால் காடன் நீந்திப் போகிறான். நடு ஆற்றில் அவன் தலை தெரிகிற நேரமெல்லாம் அவள் துடுப்பு அசையாமல் நிற்பதை மாசாத்தன் பார்த்திருக்கிறான்.

மாசாத்தன் எப்படிப் பார்த்தான் என்று மழவரையர் கேட்கலாம். அவனும் துறைக்குப் போனான். கரையில் நின்றான். நீ யார் என்று அவள் கேட்டாள். இந்த ஊரைக் கொளுத்தும்படி ஓலை எழுதியவன் என்றான்.

அவள் அவன் விரல்களைப் பார்த்தாள். "எழுத்து நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள்.

மாசாத்தன் பொய் சொல்லவில்லை. நன்றாக வந்தது என்றான். அன்றைக்குப் புது எழுத்தாணி. ஓலையும் நல்ல பதம். ஓரிடத்தில் எதுகைகூட அமைந்தது. அவள் ஓடத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகையால் மேகக்கோட்டு மன்னர் அறிய, பட்டத்தரசியாரின் சொல்லாக எழுதுவது: பல்லக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம், பண்டிதரின் சாம்பல் கலயம் அதனுள் இருக்கிறது, ஆனால் அதனிடம் எதையும் கேட்கவேண்டாம். கிழக்குச் சரிவு ஊர் மூன்றும் இந்த ஓலையைத் தாங்கள் படிக்கும்போது நின்றுகொண்டிருக்குமாயின், நின்றபடியே இருக்கட்டும். ஏற்கெனவே எரிந்துவிட்டனவாயின், பண்டிதரைத் தேடவேண்டாம். குடையும் கொடியும் இல்லாமல் நடந்து போய், எஞ்சியவர் எவரேனும் இருந்தால் அவர் முன் நின்று, நான்தான் செய்தேன் என்று சொல்லுங்கள். அவர் பொறுக்காமலும் இருக்கலாம். அது அவர் உரிமை. விக்கலுக்குச் சுக்கு நல்லது.

பெருமானடிகள் விரித்த கையை மடக்காததால் கணையாழியை ஓலையில் அழுத்த இயலவில்லை. கீழே காண்பது பட்டத்தரசியாரின் பெருவிரல். இது அரசாணை, படித்தவர் பணிக. மறுமொழி கொண்டு வரும் தூதுவன் அரண்மனைக்குப் போகவேண்டாம். ஓலைநாயகம் மாசாத்தன் நாணல்துறைக் கரையில், இக்கரைப் பக்கம், ஓடம் திரும்பி வரும் இடத்தில் நின்றுகொண்டிருப்பான்.